அடிக்கடி குளிர்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(எமது சங்கத்தின் திருவெம்பாவைக் காலக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இக்கூட்டத்திலே ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, "விடியற்புறத்திலே தோய்ந்து நடுங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்கள்தாமே கேட்கப்போகிறார்கள், ஆகையால் குளிரைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். யாழ்ப்பாணத்திலே குளிர் என்று ஒன்று இருக்கிறதா என்பது அச்சிரிப்பின் பொருள். நுவரெலியாவில் வாழ்பவர் அப்படிச் சிரித்தால் நியாயமுண்டு. நமது குடாநாட்டிலே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிற்கூட வெப்பம் பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியசு அளவிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் குளிர் என்பது வெப்பமானி காட்டும் எண் மாத்திரம் அன்று. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாண்டஸ் புயல் வங்கக்கடலைக் கடந்துசென்ற அந்த இரண்டு மூன்று நாள்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் வெட்டவெளியிலே விறைத்து மாண்டன. உறைபனி பெய்யவில்லை. மழையில் நனைந்த உடம்பு, ஓயாது வீசிய காற்று, சதைப்பற்றில்லாத மெலிவு ஆகிய இவை ஒன்றுசேர்ந்தன, அவ்வளவே. ஈரமும் காற்றும் வெளியேயிருந்து வருவன. மெலிவோ உள்ளேயிருப்பது. இன்று நான் பேச விரும்புவது இந்த உள்ளேயிருக்கும் காரணத்தைப் பற்றியே. மார்கழியிலே குளிர்கிறது என்பவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பங்குனி வெயிலிலும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு என்னவோ குளிருது" என்று சொல்பவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருக்கின்றார். எங்கள் வீட்டிலே அவர் என் தாயார்.

அம்மாவின் கதையைச் சபையிலே சொல்லலாமோ என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் அவரிடமே கேட்டேன். "சொல்லு தம்பி. சொல்லாமல் விட்டபடியாலைதானே நான் ரண்டு வருசம் குளிரிலை கிடந்தனான்" என்றார். ஆகவே சொல்கிறேன்.

முதலில் கைகால்கள் மாத்திரமே அவருக்குச் சில்லிட்டன. பிறகு கிணற்றடியிலே நின்று உடுப்புத் தோய்ப்பது இயலாமற் போயிற்று. இரவிலே அப்பா மின்விசிறியைப் போட்டால் அம்மா எழுந்து நிறுத்திவிடுவார். அதற்கு வைத்தியமாக வீட்டிலே நடந்தது யாது? மல்லித்தண்ணி. காலையிலே மல்லித்தண்ணி, மாலையிலே வேர்க்கொம்புத் தண்ணி, இடையிடையே தூதுவளை இரசம். இரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. மூக்குப்பேணியை வாயில் வைத்து இரண்டு மிடறு குடித்ததும், "அப்பாடா, இப்ப நல்லாயிருக்கு" என்பார். அவர் சொன்னது பொய்யன்று. ஒரு மணித்தியாலம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதிலேதான் ஆபத்தும் இருந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். மிஷன் பாடசாலையிலே படித்து வந்தவனாகையால் எனக்குக் கைமருந்து என்றால் ஓர் இளக்காரம் இருந்தது. விஞ்ஞான வகுப்பிலே வெப்பத்தைக் கலோரியினால் அளந்தவன், மிளகு "சூடு", வெள்ளரிக்காய் "குளிர்மை" என்று அம்மம்மா சொல்லும்போது உள்ளூரச் சிரிப்பேன். வெள்ளரிக்காயைப் பற்றி இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் மிளகைப் பொறுத்தவரையிலே சிரிக்கப்படவேண்டியவன் நானே என்று பின்னர் அறிந்தேன். 1997ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்தவர்களும், மிளகாயின் காரம் நமது நரம்பு நுனிகளில் எந்தக் கதவைத் தட்டுகின்றது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கதவு காரத்துக்கென்று அமைந்தது அன்று; சுடுபொருளை உணர்வதற்கென்று அமைந்தது. ஏறத்தாழ 43 பாகை வெப்பம் படும்போது திறக்கும் அந்தக் கதவை மிளகாயும் திறந்துவிடுகின்றது. மிளகிலுள்ள சத்தும், இஞ்சியிலுள்ள சத்தும் அதே கதவைத்தான் தட்டுகின்றன. 2021ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. மிளகு சூடு என்று அம்மம்மா சொன்னபோது அவர் உவமை பேசவில்லை. நரம்பு அறிந்ததையே சொன்னார்.

ஆயினும் அந்தக் கண்டுபிடிப்பிலே மற்றுமொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. சூட்டை உணர்தல் வேறு, சூடு உண்டாதல் வேறு. காரமான கசாயத்தைக் குடித்தவுடனே முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். தோலுக்குக் குருதி ஓடிவருகிறது. அதனாலே இதமாக இருக்கிறது. ஆனால் தோலுக்கு வந்த வெப்பம் வெளியே போவதற்கே வந்தது. வியர்வையோடு வாடைக் காற்றிலே போய் நின்றால் முன்னிருந்ததைவிடச் சீக்கிரமாகக் குளிரும். (சாராயம் குடித்துக் குளிர்காய்கின்றோம் என்பவர்களுக்கு நிகழ்வதும் இதுவே. அங்கே நட்டம் இன்னும் பெரிது. தனக்குக் குளிர்வதே குடித்தவருக்குத் தெரியாது.) ஆதலினாலே கசாயத்தை வெளியே புறப்படுமுன் குடியாமல், வீட்டுக்கு வந்து, ஈரம் துடைத்து, உலர்ந்த உடுப்பு உடுத்தி, காற்றுப் படாத இடத்திலே இருந்து ஆறுதலாகக் குடிப்பதே முறை.

எப்படிக் காய்ச்சுவது என்று தாய்மார்களுக்கு நான் சொல்லத் துணிந்தால் நகைப்பார்கள். ஆனால் விடுதியிலே தங்கியிருக்கும் என் நண்பர்களுக்கு அது தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். மேசைக்கரண்டி ஒன்று கொத்தமல்லியை வெறும் சட்டியிலே மணம் வரும்வரை வறுத்து, சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்பும் ஐந்தாறு மிளகும் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சி வடிக்கவேண்டும். பனங்கட்டியைக் கரைத்துவிடாமல் சிறு துண்டாகக் கடித்துக் குடியுங்கள். இனிப்பும் குறையும், சுவையும் கூடும். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியும் சீனிதான் என்பதை மறக்கலாகாது. துளசியோ கற்பூரவள்ளியோ போடுபவர்கள் போடலாம். அவை தடிமனுக்கும் தொண்டைக்கும் இதமானவை, குளிருக்கென்று தனியாக ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. ஆடாதோடை நல்ல இருமல் மருந்து. இருமலுக்கு ஆங்கில வைத்தியர் தரும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தும் அதன் சத்திலிருந்தே வழிவந்தது. ஆனால் கருவுற்ற பெண்கள் அதைத் தொடலாகாது. அதிமதுரத்தை நாள்தோறும் போட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் உள்ளியையும் இஞ்சியையும் உணவிலே சேர்க்கின்ற அளவைத் தாண்டி மருந்தாக உண்ணுமுன் தங்கள் வைத்தியரைக் கேட்கவேண்டும். மூலிகை என்றால் தீங்கில்லாதது என்னும் எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. தீங்கு செய்யமாட்டாத பொருள் நன்மையும் செய்யமாட்டாது என்பது என் எண்ணம்.

அம்மாவிடம் திரும்புவோம்.

இரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் அம்மாவுக்கு முழங்காலிலே நோ. எண்ணெய் வாங்குவதற்காக ஊர்ப் பரியாரியாரிடம் கூட்டிச் சென்றேன். எண்பது வயதை அண்டியவர். அவர் முழங்காலைப் பார்க்கவேயில்லை. அம்மா வெயிலிலே சால்வை போர்த்துக்கொண்டு படியேறி மூச்சு வாங்கியதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடி பிடித்தார். "பிள்ளை, நாக்கைக் காட்டு" என்றார். "கண்ணை மேலை பார்" என்று சொல்லிக் கீழிமையை விரலால் இழுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவந்திருக்கவேண்டிய இடம் வெளுத்துப்போன கடதாசியைப்போல் இருந்தது. நகமும் அப்படியே. எத்தனையோ நாள் அந்தக் கையாலே சோறு வாங்கி உண்டவன், நகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது மல்லித்தண்ணியிலை தீர்ற குளிர் இல்லைப் பிள்ளை. இரத்தம் காணாது. நாளைக்கே ஆசுப்பத்திரியிலை இரத்தம் சோதிச்சுப்போட்டு வா. முழங்காலைப் பிறகு பாப்பம்" என்றார் பரியாரியார். எண்ணெய் தரவுமில்லை, காசு வாங்கவுமில்லை.

நமது வைத்தியத்தின் பெருமை அம்மம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலே இருக்கிறதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அது அந்தக் கீழிமையை இழுத்துப் பார்த்த விரலிலே இருக்கிறது. நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் தேர்ந்த பின்னரே மருந்து என்பது சித்த வைத்தியரின் விதி. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து நூலாகப் போற்றப்படும் பரராசசேகரத்தை ஏழாலை பொன்னையபிள்ளை அவர்கள் அச்சேற்றியபோது அதன் பகுதிகள் சிரரோக நிதானம், கெர்ப்பரோக நிதானம், பாலரோக நிதானம் என்றே பெயர் பெற்றன. நிதானம் என்றால் நோயின் காரணத்தைத் துணிதல். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே காரணத்தைத் தேடிய பிற்பாடுதான் தணிக்கும் வழிக்கு வருகிறார். நாங்களோ நிதானத்தை விட்டுவிட்டு மல்லியை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். பிழை மல்லியினுடையதா?

வைத்தியசாலையிலே சோதித்தபோது அம்மாவின் இரத்தத்திலே ஹீமோகுளோபின் ஏழுக்குச் சற்றுக் கூட இருந்தது. கருவுறாத ஒரு பெண்ணுக்கு நூறு மில்லிலீற்றரிலே 12 கிராமாவது இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஆண்களுக்கு 13. அடுப்பிலே விறகு இருந்தும் ஊதுகுழல் இல்லாவிடில் நெருப்புப் பிடிக்குமா? உண்ட உணவை எரித்து வெப்பமாக்குவதற்கு உடம்புக்குப் பிராணவாயு வேண்டும். அதைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதை ஆக்குவதற்கு வேண்டியது இரும்பு. இரும்பு குறைந்தவருக்கு இளைப்பு, தலைச்சுற்று, படியேறினால் நெஞ்சு படபடப்பு, எந்நேரமும் குளிர். சிலருக்கு அரிசியும் மண்ணும் தின்ன ஆசை வரும். அதை நாம் கெட்ட பழக்கம் என்று ஏசுகின்றோம்.

இரும்பு எங்கே போயிற்று என்று வைத்தியர் கேட்டபோதுதான் அம்மா வாய் திறந்தார். மாதவிடாய் பத்து நாளுக்கு மேல் நீடித்துவந்தது; கருப்பையிலே கட்டி ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் எப்படிச் சொல்வார்? "குளிருது" என்று மாத்திரம் சொன்னார். வீட்டிலே சொல்லத்தக்க சொல் அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. நாங்கள் ஒவ்வொருமுறையும் அந்தச் சொல்லுக்கு ஒரு பேணி மல்லித்தண்ணியைப் பதிலாகக் கொடுத்து வாயை அடைத்தோம்.

இதைக் கேட்டு இங்கே சிலர் முகம் சுளிக்கலாம். இந்து வாலிபர் கூட்டத்திலே பேசத்தக்க விஷயமா என்று நினைக்கலாம். உமையொரு பாகனைத் தொழுதுவிட்டுத்தான் இக்கூட்டத்தை ஆரம்பித்தோம் என்பதை மாத்திரம் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

நம்முடைய வீடுகளிலே இதற்கு வேறு காரணங்களும் சேர்கின்றன. எல்லோரும் உண்டபின் சட்டியிலே மிஞ்சியதை உண்பவர் யார்? கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள், கந்தசஷ்டி ஆறு நாள், வெள்ளிக்கிழமைகள், திருவெம்பாவை என்று வயிற்றைச் சுருக்குபவர் யார்? நான் விரதத்தைக் குறைகூறவில்லை. ஆனால் நோயாளரும் கருவுற்றவரும் பாலூட்டுவோரும் பால் பழம் உண்டோ ஒருநேரம் உணவு கொண்டோ விரதம் காக்கலாம் என்று நமது பெரியோரே இடம் வைத்திருக்கின்றார்கள். இரத்தம் காணாதவர் நோயாளர் அல்லவோ? ஆண்டவன் வைத்த சலுகையை அடியார் ஏற்காதிருப்பதில் என்ன பக்தி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பட்டினி கிடக்கும் உடம்பு சூட்டைச் சிக்கனம் செய்கிறது, குளிர் மிகும்.

உணவிலே இரும்பு தேடுவோர் முருங்கையிலையைச் சொல்வார்கள். சரியே. ஆனால் கீரையின் இரும்பு உடம்பிலே எளிதாகச் சுவறுவதில்லை. முருங்கையிலை வறையை அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி பிழிந்தால், அல்லது உணவோடு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ உண்டால், சுவறுவது கூடும். இதற்கு நேர்மாறான காரியத்தையே நாம் செய்துவருகிறோம். உண்டு கையலம்பியதும் ஒரு தேத்தண்ணி. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நான் சொன்னாலும் யாழ்ப்பாணத்தார் விடமாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள். பயறு, கடலை, எள்ளு, பொன்னாங்காணி, மச்சம் உண்பவர்களுக்கு மீனும் ஈரலும் என்று எல்லாம் உதவும். ஆனால் ஏழுக்கு இறங்கியவரை உணவு மாத்திரம் மேலே கொண்டுவராது. மாத்திரை வேண்டும்; சில மாதங்கள் வேண்டும். மலம் கறுத்துப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். பயந்து நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சோதியாமலே கடையில் வாங்கி விழுங்குவதும் பிழை. நமது நாட்டிலே பரம்பரையாக வரும் தலசீமியாவும் உண்டு. அவர்களுடைய இரத்தமும் குறைவாகவே காட்டும், ஆனால் இரும்பு கொடுத்தால் தீங்காக முடியலாம்.

ஒரு புதினம் சொல்லவேண்டும். இரத்தம் குறைந்து வெளுக்கும் நோயைச் சித்த நூல்கள் பாண்டு என்கின்றன. அதற்கு அவை சொல்லும் மருந்துகளிலே அன்னபேதிச் செந்தூரம் ஒன்று. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. வைத்தியசாலையிலே அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையும் அதே உப்புத்தான். இரண்டு வைத்தியமும் ஒரே பொருளைத்தான் கையில் எடுத்தன. மானிப்பாயிலிருந்து தமிழிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கியதோடு அமையாமல், இந்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூலையும் இந்து பதார்த்த சாரம் என்று தமிழில் வெளிவரச் செய்தார். மிஷன் பாடசாலையிலே அவருடைய பெயரைக் கேட்டிருக்கிறேன். இந்த நூலின் பெயரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. செந்தூரத்தைத் தெருவில் விற்பவரிடம் வாங்காமல், பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் மாத்திரமே பெறவேண்டும். 1984இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியிலே சித்த மருத்துவம் கற்பித்து வருகின்றது. அப்படிக் கற்றவர்கள் நம்மிடையே உண்டு.

குளிருக்கு இரத்தக்குறைவு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோம்பினாலும் எந்நேரமும் குளிரும். உண்பது குறைந்தும் உடம்பு வைக்கும், தோல் வரளும், மயிர் உதிரும், மலம் கட்டும், குரல் தடிக்கும். ஓர் இரத்தச் சோதனையிலே அது தெரிந்துவிடும். நாளுக்கு ஒரு மாத்திரையிலே அடங்கிவிடும். அதை மூலிகையால் மாற்றுகின்றேன் என்பவரை நம்பாதீர்கள். நீரிழிவு நரம்பைத் தின்றாலும் கால் விறைக்கும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகளாலும் கைகால் சில்லிடும். வயதானவர்களுக்குச் சதை கரைவதாலேயே குளிரும். அது நோயன்று, ஆனால் கவனிக்கவேண்டியது.

காரணம் தெரிந்து மருந்தும் நடக்கும்போது வீட்டிலே நாமாகச் செய்யக்கூடியவை பல. நமது வீடுகள் பெரும்பாலும் சீமெந்துத் தரை. வெறும் பாயிலே படுத்தால் இரவு முழுவதும் தரை உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பாயின் கீழே இரண்டு சாக்கை விரியுங்கள். மேலே இன்னொரு போர்வை போடுவதைவிட அது பலன் தரும். தலையையும் காதையும் மூடுங்கள். காலுக்கு மேசு போடுவதிலே வெட்கமென்ன?

விடியற்காலைத் தோய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழியிலே கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதை எல்லோரும் அறிவோம். நிலத்தின் கீழ் உள்ள நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கிறது. வெளிக்காற்றுத்தான் விடியற்புறத்திலே அதைவிடக் குளிர்கிறது. ஆகவே நடுங்கவைப்பது தண்ணீரன்று. தோய்ந்தபின் ஈரத்தோடு நிற்கும் ஐந்து நிமிடம். ஈரத்துணியோடு கோயில் வீதியிலே வலம் வருவதாக நேர்ந்திருப்பவர்கள் நல்ல உடம்புள்ளவர்களாயிருந்தால் வரட்டும். மற்றவர்கள் கிணற்றடியிலேயே தலையை நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடுப்பு உடுத்தி வாருங்கள், சுவாமி கோபியார். நல்லெண்ணெய் தேய்த்து அரப்பு வைத்து முழுகுவதை உச்சிவெயில் ஏறும் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். எண்ணெய் சூட்டைத் தருகிறதோ இல்லையோ, தேய்க்கும் கை தருகிறது. தசை அசையும்போது உண்டாகும் வெப்பத்துக்கு நிகரான கசாயம் கிடையாது. சால்வையைப் போர்த்துக்கொண்டு மூலையில் இருப்பதைவிட முற்றத்தைக் கூட்டுவது நல்லது. (முற்றத்தைக் கூட்டுவதும் பெண்களுக்கே உரியது என்று யாரும் சிரிக்கவேண்டாம். வாலிபர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

காலை உணவை விடலாகாது. குத்தரிசிக் கஞ்சி, இலைக்கஞ்சி, உழுத்தங்களி, இவை சூடாக வயிற்றிலே நின்று எரிபவை. ஒடியற்கூழைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும்.

செய்யலாகாதவை இரண்டு. பிள்ளை பெற்ற தாயின் அறையிலும் முதியோர் அறையிலும் கதவு சன்னலை அடைத்துவிட்டுத் தணற்சட்டி வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கரி எரியும்போது மணமும் நிறமும் இல்லாத ஒரு நச்சுவாயு வெளிப்படுகிறது, தூங்குபவர் எழும்பமாட்டார். நீரிழிவுள்ளவருடைய காலுக்குச் சுடுநீர்ப் போத்தல் வைப்பது மற்றையது. சூடு அவருக்குத் தெரியாது. விடியும்போது கொப்புளம் இருக்கும்.

இன்னுமொன்று, இதை வடமராட்சியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. காய்ச்சலோடு வரும் குளிர் நான் இதுவரை பேசிய குளிர் அன்று. ஒரு காலத்திலே குளிர்காய்ச்சல் என்றால் மலேரியா என்றிருந்தது; 2016ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024ஆம் ஆண்டு டிசம்பரிலே பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சல் வந்து சில நாள்களுக்குள்ளேயே சிலர் உயிரிழந்தார்கள். முதலில் பெயர் தெரியாத காய்ச்சல் என்றார்கள். பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று துணியப்பட்டது. வெள்ளம் நின்ற வயலிலும் வாய்க்காலிலும் கால் வைத்தவர்களுக்கு வருவது. முதல் நாள்களிலேயே கொடுத்தால் சாதாரண மருந்து காப்பாற்றிவிடும்; கசாயம் குடித்துப் பார்ப்போம் என்று மூன்று நாள் பொறுத்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகிவிடலாம். டெங்கும் இதே மாதங்களிலேதான் வருகிறது. மழைகாலத்திலே நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மல்லித்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கையோடு கொண்டுபோவதை யாரும் தடுக்கவில்லை.

அம்மாவுக்கு மாத்திரையும் சிகிச்சையும் முடிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. முழங்காலுக்கு எண்ணெய் வாங்கப் பரியாரியாரிடம் மீண்டும் போனோம். அவர் முதலில் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். மல்லித்தண்ணியை அம்மா இன்றும் விடவில்லை. மாலையிலே எல்லோருக்குமாகக் காய்ச்சுகிறார், தமக்கும் ஒரு பேணி வார்த்துக்கொண்டு எங்களோடு இருந்து குடிக்கிறார். இன்று விடியற்காலை கோயிலால் வந்ததும் அவர் மின்விசிறியைத் தட்டிவிட்டார். நான் குளிரிலே நடுங்கிக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, குளிருதோ? எங்கை, கண்ணைக் காட்டு பாப்பம்" என்றார்.